பிளாஸ்டிக் கம்பும் 48 பாடங்களும்

இணையத்தில் விற்கிற சிலம்பம், அடிமுறை (கை காலால் மோதும் எங்கள் பக்கத்துத் தற்காப்புக் கலை) இரண்டுக்குமான 48 பாட வீடியோப் பயிற்சி ஒன்றை 2,999 ரூபாய்க்கு வாங்கி ஏழு மாதம் மொட்டைமாடியில் தனியாகப் பழகினேன். கடைக்கு வருகிறவர்கள் "வாங்கலாமா, தானாகப் படித்துவிட முடியுமா" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் வலிக்கிறது, எழுதிவிடுகிறேன். விற்றவர்களின் பெயர் வேண்டாம். இதைப்போல் பத்துப் பேர் விற்கிறார்கள்.

எனக்கு வயது 43. கன்னியாகுமரி மாவட்டம் அழகியமண்டபத்தில் ஜெராக்ஸ் கடை. சர்க்கரை கூடிக்கொண்டே போனது, டாக்டர் உடம்பை அசைக்கச் சொன்னார். தடுக்கி விழுந்தால் ஓர் ஆசான் வீட்டு முற்றத்தில் விழும் ஊர்ப்பக்கத்தில் இருந்துகொண்டு இணையத்தில் ஏன் வாங்கினாய் என்று கேட்பீர்கள். வெட்கம்தான். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் வரிசையில் தொப்பையோடு நிற்க மனம் வரவில்லை.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். படப்பிடிப்பு தெளிவு. பேசுவதும் சுத்தமான தமிழ். உடம்பைத் தளர்த்தும் முதல் ஆறு பாடங்கள் அருமை. இன்றும் காலையில் அவற்றைத்தான் செய்கிறேன். ஒரே பாடத்தை இருபது முறை ஓட்டிப் பார்க்கலாம், முகம் சுளிக்க ஆளில்லை. நான்கு கிலோ குறைந்தேன். அந்த அளவில் பணம் வீண் இல்லை.

கம்பு வந்த கதை வேறு. ஐந்தரை அடிப் பிளாஸ்டிக் குழாய்; கூரியரில் அனுப்ப வசதியாக நடுவில் திருகிச் சேர்ப்பது. எங்கள் பக்கத்தில் கம்பு ஆளுக்கு ஆள் மாறும். நிறுத்தினால் நெற்றி அளவுக்கு நிற்க வேண்டும். நானோ ஐந்தடி மூன்று அங்குலம். ஒவ்வொரு சுற்றுக்கும் கீழ்முனை தளத்தில் இடித்தது. மழைநாளில் கூடத்துக்குள் பழகியதில் டியூப்லைட் ஒன்று போயிற்று. அதற்குப் பிறகு வீட்டில் யார் யார் என்ன சொன்னார்கள் என்பது இந்த விமர்சனத்துக்குத் தேவையில்லை.

உண்மையான சேதம் காலில் நடந்தது. பயிற்றுநர் நம்மைப் பார்த்து நிற்கிறார். "வலது கால் முன்னே" என்று சொல்லி எடுத்து வைக்கிறார். திரையில் அது நமக்கு இடப்பக்கம் தெரிகிறது. தொடக்கப் பாடங்களில் வாயாலும் சொல்வதால் தப்பித்தேன். பதினைந்தாம் பாடத்துக்குமேல் அவர் பேசுவதில்லை, பின்னணியில் உடுக்கை மட்டும்தான். வீச்சைக் காதால் கேட்டுப் பழகியிருந்த கை சரியாகச் சுற்றியது. சுவட்டை, அதாவது அடியெடுத்து வைக்கும் முறையை, கண்ணால் பார்த்துப் பழகிய கால் கண்ணாடி பிம்பம்போல மாறி விழுந்தது. இடுப்பு ஒரு பக்கம் திரும்ப, பாதம் மறுபக்கம் ஊன்றி நிற்கும். நடுவில் மாட்டிக்கொண்டது முழங்கால். நான்காம் மாதம் மாடிப்படி இறங்கக் கைப்பிடியைத் தேட ஆரம்பித்தேன். வயதாகிவிட்டது என்று நினைத்தேனே தவிர, கால் தப்பு என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

"நீங்கள் பழகும் வீடியோவை அனுப்புங்கள், 48 மணி நேரத்தில் திருத்திச் சொல்வோம்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். மூன்று அனுப்பினேன். மூன்றுக்கும் ஒரே பதில்: "அருமை, தொடருங்கள்!" மாறிய கால் மூன்றிலும் பளிச்சென்று தெரிகிறது. இப்போது போட்டுப் பார்த்தால் எனக்கே தெரிகிறது.

முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கத்தான் தக்கலைப் பக்கம் ஓர் ஆசானிடம் போனேன். எங்கள் மாவட்டத்தில் அடிமுறை ஆசான் பெரும்பாலும் வைத்தியரும்கூட. எலும்பு முறிந்தால் கட்டுவதும் தைலமிட்டுத் தடவுவதும் அவர்தான். காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ன பழகுகிறாய் மக்களே?" என்றார். சொன்னேன். முற்றத்தில் இறங்கி நான்கு சுவடு வைக்கச் சொன்னார். இரண்டாவதிலேயே நிறுத்திவிட்டார். கையில் இருந்த பிரம்பின் நுனியால் என் குதிகாலை லேசாகத் தட்டினார், அவ்வளவுதான். கால் தானாகத் திரும்பி இடத்தில் உட்கார்ந்தது. ஏழு மாதத் தப்பு என்பதால் மறுநாளே பழையபடி திரும்பிக்கொண்டது என்பது வேறு விஷயம். புதிதாகப் படிப்பதைவிடப் படித்ததை மறப்பதற்கு எனக்கு அதிக நாள் பிடித்தது.

வெற்றிலை பாக்கோடு 101 ரூபாய் தட்சிணை வைத்துச் சேர்ந்தேன். மாதம் 500. இரண்டாம் வாரம் எதிரில் ஓர் ஆளை நிறுத்தினார். காலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டு மாலையில் வருகிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மெதுவாகத்தான் கம்பை இறக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மறுபடி இறக்கினார், மறுபடி மூடினேன். வருகிற அடியைத் தடுக்க ஏழு மாதம் பழகிய தடை ஒன்றும் கைக்கு வரவில்லை. திரையிலிருந்து இதுவரை எந்தக் கம்பும் என் தலைக்கு வந்ததில்லையே. கண் திறந்து நிற்கவே பன்னிரண்டு நாள் ஆயிற்று.

இனி 41ஆம் பாடம். எனக்குக் கோபம் வந்தது இதில்தான். வர்மம் என்றால் அடிபட்டால் ஆபத்தாகும் உடம்பின் இடங்கள். வர்மம் 108, அதில் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, மற்றபடி தொடுவர்மம் 96 என்று சரியாகத்தான் தொடங்குகிறார்கள். அடுத்த ஒன்பது நிமிடத்தில் பன்னிரண்டு படுவர்மங்களையும் ஒரு மனிதப் படத்தில் சிவப்புப் புள்ளி வைத்துக் காட்டி முடித்துவிடுகிறார்கள். அடிபட்டவனுக்கு வர்மம் இளக்குவது, அதாவது அந்த அடியின் பாதிப்பை எடுப்பது, எப்படி என்று ஒரு சொல் இல்லை. இங்கே ஆசான்கள் மாணவனின் குணத்தை ஆண்டுக்கணக்கில் பார்த்துவிட்டுத்தான் வர்மத்தில் கை வைப்பார்கள். அடிக்கச் சொல்லித்தருகிறவர் இளக்கவும் சொல்லித்தர வேண்டும் என்பது முறை. என் ஆசானிடம் அந்தப் பாடத்தைப் போட்டுக் காட்டினேன். கடைசிவரை பார்த்துவிட்டு, போனைத் திருப்பித் தந்து, தைலப் புட்டியை மூடினார். ஒன்றும் சொல்லவில்லை.

ஆசானிடமும் குறை உண்டு. நேரத்துக்குத் தொடங்கமாட்டார். முறிவு கட்ட ஆள் வந்துவிட்டால் அன்று வகுப்பு அம்போ. "ஏன் இப்படி" என்று கேட்டால் "வைத்துப் பார்" என்பதுதான் பதில். காரணம் சொல்வதில் அந்த வீடியோக்காரர் எவ்வளவோ மேல். சாணம் மெழுகிய தரை மழைக்கு வழுக்கும். பத்மநாபபுரம் அரண்மனையில் வாசலருகே ஒரு கல் இருக்கிறதல்லவா, படையில் சேர வருகிறவன் அதைத் தலைக்குமேல் 101 முறை தூக்க வேண்டும் என்று சொல்வார்களே, அந்தக் கதையை வாரம் ஒரு முறை கேட்க வேண்டும்.

உடம்பு குறைந்தால் போதும் என்பவர்கள் பயிற்சியை வாங்குங்கள். முதல் பதினான்கு பாடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போனுக்கு எதிரே கண்ணாடி வைத்து, கண்ணாடியில் தெரியும் பயிற்றுநரைப் பார்த்துப் பழகினால் இடம் வலம் குழப்பம் இல்லை. தனிக்கம்பு வீச்சுவரை அப்படி ஒப்பேற்றிவிடலாம். அடிமுறைப் பாடங்களைத் தனியாகத் தொடவே தொடாதீர்கள். அடி, தடை, ஆளைப் பிடித்து மடக்கும் பூட்டு எல்லாம் இரண்டு உடம்பு கேட்கிற வேலை. அவர்களின் கம்பு வேண்டாம் என்று குறித்தால் 400 ரூபாய் குறைகிறது. அந்தப் பணத்தில் உங்கள் உயரத்துக்குப் பிரம்பு வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆசானின் முகவரி வேண்டுமென்றால் கடைக்கு வாருங்கள், சொல்கிறேன். அவர் அனுமதி இல்லாமல் இங்கே போட முடியாது. மாலை ஆறு மணிக்கு வகுப்பு, அதாவது ஆறரை. ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கோயில் உண்டு, வகுப்பு இல்லை.