நண்பருக்கு ஆங்கிலக் கடிதம்: மனப்பாடமா, சொந்தச் சரக்கா?

கனடாவில் குடியேறுவதற்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறைக்காக, ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் டிரெய்னிங் என்ற ஆங்கிலத் தேர்வை இரண்டு முறை எழுதினேன். முதல் முறை மனப்பாடக் கடிதம். எழுத்துத் தாளில் 9-க்கு 6 வந்தது. அடுத்த முறை சொந்தக் கடிதம், 7 வந்தது. எனக்கு வேண்டியிருந்ததும் 7தான். ஆகவே நான் எந்தப் பக்கம் என்று ஒளிக்கப்போவதில்லை.

தேர்வின் அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததே. கடிதத்துக்கு 20 நிமிடம், குறைந்தது 150 சொற்கள். கட்டுரைக்கு 40 நிமிடம், 250 சொற்கள், மதிப்பும் இரட்டிப்பு. கடிதம் அலுவலகத்துக்கு எழுதுவதாகவும் வரலாம். இங்கே நண்பர் கடிதம் மட்டும்.

மனப்பாடத்தில் ஒரு வசதி உண்டு: பயம் போய்விடும், கை உடனே ஓடும். காரைக்குடியில் நான் போன பயிற்சி மையத்தில் பன்னிரண்டு மாதிரிக் கடிதங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் அத்தனையும் தலைகீழ்ப் பாடம். தேர்வில், ஊருக்கு வரப்போகும் நண்பருக்கு எழுதச் சொன்னார்கள்: எங்கே தங்கலாம், எதைப் பார்க்கலாம், என்ன எடுத்துவர வேண்டும். என் கைவசம் இருந்ததோ ஒரு கடற்கரை ஊர்க் கடிதம். செம்மண்ணும் கண்மாயுமாக வளர்ந்தவன் வெள்ளை மணலையும் அலையையும் வர்ணித்துவிட்டு வந்தேன். அதுகூடப் பரவாயில்லை, திருத்துகிறவர் வந்து பார்க்கப்போவதில்லை. ஆனால் என்ன எடுத்துவர வேண்டும் என்பதற்கு என் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

விஷயமே இங்கேதான் இருக்கிறது. கேள்வியோடு மூன்று குறிப்புகள் தருகிறார்கள். மூன்றுக்கும் பதில் இருக்கிறதா, நண்பரிடம் பேசும் தொனி கடைசிவரை நிற்கிறதா என்பதையும் பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். மனப்பாடக் கடிதம் வேறு யாரோ கேட்ட கேள்விக்கான பதில். மனப்பாடம் என்று தெரிந்துவிட்டால் அதற்கும் மதிப்பெண் குறையும்.

அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில், பினாங்கிலிருந்து ஐயா, அதாவது தாத்தா, எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. ஐயா ஏதாவது கேட்டிருக்கும் இடத்தில் எல்லாம் அப்பத்தா போட்ட ஒரு பென்சில் சுழி. வளவில் ஓடு மாற்றியாயிற்றா? சுழி. சின்னவன் பள்ளிக்கூடம் போகிறானா? சுழி. பதில் எழுதியதும் சுழியின் மேல் ஒரு கோடு கிழித்திருக்கிறார். கோடு விழாத சுழி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. இரண்டாம் முறை வினாத்தாளில் நான் செய்ததும் அதேதான்.

அந்த முறை, திருமணத்துக்கு வரமுடியாது என்று நண்பரிடம் மன்னிப்புக் கேட்கும் கடிதம். காரணத்துக்கு எங்கும் அலையவில்லை. முகப்பில் ஆத்தங்குடிக் கல் பதிக்கும் வேலை. கொத்தனார் வருகிற நாளை விட்டால் அவரை மறுபடி பிடிக்க முடியாது. கண்ணாடியின் மேல் வார்த்து, தண்ணீரில் ஊறி, காய்ந்து வருகிற கல் அது என்று ஒரு வரி சேர்த்தேன். கண்ணால் பார்த்ததை எழுதும்போது வினையின் காலம் தடுமாறுவதில்லை, சொல்லும் தானாக வருகிறது.

பள்ளிக்கூடப் பழக்கம் இரண்டு பக்கமும் கெடுக்கிறது. மேலே முகவரி எழுதத் தேவையில்லை. நலம், நலமறிய ஆவலை ஆங்கிலத்தில் மூன்று வரிக்கு இழுக்கவும் வேண்டாம். நண்பருக்கு எழுதிவிட்டு ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’ என்று அலுவலகக் கடிதம்போல முடிப்பவர்களை என்ன சொல்வது?

சொந்தக் கடிதத்தின் தொல்லை, கதை நீண்டுவிடும். பயிற்சியில் ஒருமுறை வீட்டு முறுக்கைப் பற்றி எழுத உட்கார்ந்து 28 நிமிடம் போய்விட்டது; கட்டுரை பட்டினி. பிறகுதான் கடிகாரத்தை எதிரில் வைத்து எழுதப் பழகினேன்.

இரண்டாம் முறை கட்டுரையும் நன்றாகவே வந்தது. ஏறிய ஒரு மதிப்பெண்ணில் கடிதத்தின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. புகார்க் கடிதம் எனக்கு இரு முறையும் வரவில்லை; அதற்கு மாதிரி வாசகங்கள் கைகொடுக்கலாம். நண்பர் கடிதத்தில்கூடத் தொடக்கத்துக்கு இரண்டு, முடிவுக்கு இரண்டு வாசகம் நெட்டுருப் போட்டு வைத்திருந்தேன்.

அந்த ஜெராக்ஸ் கட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தேர்வு எழுதப்போகும் பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள். கேள்விகளை மட்டும் கத்தரித்துக் கொடுக்கிறேன்.