உப்புவெளியில் வீடு வாங்கினேன், கணக்கில் 12 இலட்சம் துண்டு விழுந்தது

கோபம் அடங்கட்டும், பிறகு எழுதுவோம் என்று மூன்று மாதம் விட்டுப் பார்த்தேன். அடங்குகிற மாதிரித் தெரியவில்லை.

திருகோணமலை உப்புவெளிப் பக்கம், கடலுக்குக் கிட்ட, 12 பேர்ச்சஸ் காணியோடு ஒரு பழைய வீடு. விலை 82 இலட்சம். கட்டாரில் நான் உழைத்ததும் மனுசியின் சேமிப்புமாக 84 இருந்தது. மிச்சம் 2 இலட்சம் பால் காய்ச்சவும் சாமான் ஏற்றவும் காணும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கொப்பியை இன்னும் எறியவில்லை. எறிய மனுசி விடுகிறாள் இல்லை.

வீட்டைக் காட்டிய புரோக்கர் நல்ல வாய்க்காரர். "தம்பி, காணி உறுதிப் பத்திரம் சுத்தம். எனக்கு உங்களிட்ட ஒரு சதமும் வேண்டாம், விக்கிறவர் தருவார்." அன்று பின்னேரமே 5 இலட்சம் அச்சாரம் கொடுத்தேன். அதற்குச் சாட்சி ஒரு கொப்பித் தாளும் அதில் ஒரு கையெழுத்தும். உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனது அதற்குப் பிறகுதான். இதில் ஏமாற்றினவர்களைக் குறை சொல்ல முதல், என் பிழையை நானே சொல்லிவிடுகிறேன்.

நொத்தாரிசு அம்மா காணிப் பதிவகத்தில் முப்பது வருசப் பதிவுகளைத் தேடிவிட்டுக் கூப்பிட்டார். "தம்பி, இதில சீவிய உரித்து இருக்கு, தெரியுமோ?" விற்கிறவருக்கு இந்த வீடு தாயின் நன்கொடை உறுதியால் வந்தது. தான் இருக்கும்வரை அனுபவிக்கும் உரித்தைத் தாய் விட்டுக் கொடுக்காமல் எழுதியிருக்கிறார். எங்கட பக்கம் பிள்ளைக்கு எழுதும் உறுதிகளில் இது வழமை. அதில் பிழையுமில்லை, நாளைக்கு மருமகள் வாசலைக் காட்டினால் கிழவிக்கும் ஒரு பிடி வேண்டுமே. ஆனால் அவர் விட்டுக் கொடுத்துக் கையெழுத்து வைக்காமல் நான் வாங்கினால், வீட்டின் பெயர் எனக்கு, இருக்கும் உரிமை அவருக்கு. தாய் கனடாவில் மகளோடு. புரோக்கரைக் கேட்டால், "அது சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு எழுதினது தம்பி" என்றார்.

தாய்க்குப் பதிலாக இங்கே ஒருவர் கையெழுத்து வைக்க அற்றோணித் தத்துவம் கனடாவிலிருந்து வந்து சேர மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் நான் வாடகை வீட்டில், மாதம் 25,000. விலகலாம் என்றால் அச்சாரக் காசு திரும்பும் என்று அந்தத் தாளில் ஒரு வரி கிடையாது.

அதற்கிடையில் விற்கிறவர் ஒரு யோசனை சொன்னார், உறுதியில் 40 இலட்சம் என்று போடுவோமாம். முத்திரைத் தீர்வை வாங்குகிறவன் தலையில். முதல் ஒரு இலட்சத்துக்கு நூற்றுக்கு 3, மிச்சத்துக்கு நூற்றுக்கு 4. 82 இலட்சத்துக்கு 3,27,000 ரூபா. பாதியாய்க் குறைந்தால் யாருக்குக் கசக்கும்? நொத்தாரிசு அம்மாதான் தடுத்தார். தீர்வை நீங்கள் எழுதுகிற விலைக்கு இல்லை, காணியின் சந்தைப் பெறுமதிக்கு. மாகாண இறைவரிக்காரர் பெறுமதி பார்த்துக் குறைவென்று கண்டால், மிச்சத்தைக் கேட்டுக் கடிதம் வருவது வாங்கினவனுக்குத்தான். முழுதாகவே கட்டினேன். நொத்தாரிசுக் கூலி, தேடுதல், பதிவு எல்லாம் சேர்ந்து இன்னொரு 95,000.

உறுதி எழுதும் அன்று காலையில் புரோக்கர் வாசலில் நின்றார். நூற்றுக்கு இரண்டு, 1,64,000. "ஒரு சதமும் வேண்டாம் எண்டனீங்களே அண்ணை?" "அது விக்கிறவர் தருவார் எண்ட நம்பிக்கையில சொன்னது. அவர் மாட்டனெண்டுட்டார்." நேரம் வைத்து ஆட்கள் எல்லாம் வந்து நிற்கும்போது என்ன செய்வது? கொடுத்தேன். இதுதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. மற்றதெல்லாம் காசு போனது, இது ஏமாந்தது.

இனி வீட்டுக்குள். நான் வீடு பார்த்தது மார்கழியில், மாரி மழை கொட்டின கிழமை. கிணறு முட்ட நல்ல தண்ணீர், அள்ளிக் குடித்தும் பார்த்தேன். "இவ்வளவு தண்ணி இருக்க குழாய் எதுக்குத் தம்பி?" என்று புரோக்கரே சொன்னார். கச்சான் காற்றுத் தொடங்கி வெயில் ஏற, தேத்தண்ணி உப்புக் கரித்தது. கடற்கரை மணலில் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துதான் நிற்கும். கோடையில் மேல்தண்ணீர் வற்ற, கீழே இருப்பது ஏறும். குழாய் இணைப்பு வீட்டுக்கு இருந்திருக்கிறது, நிலுவையால் வெட்டிவிட்டிருக்கிறார்கள். 41,300 கட்டின பிறகுதான் தண்ணீர் வந்தது. வாங்க முதல் கடைசித் தண்ணீர் பில்லையும் கரண்ட் பில்லையும் காட்டச் சொல்லிக் கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் விளங்கியிருக்கும். கிணறு பார்ப்பதென்றால் ஆவணியில் போய்ப் பாருங்கள்.

புதுச் சுண்ணாம்பு அடித்த வீட்டைக் கண்டால் இப்போது எனக்குப் பயம். குசினிக்கு மேல் கொங்கிறீற் பிளாட்டில் பூச்சு விழுந்தபோது, உள்ளே கம்பி கறள் பிடித்து ஊதியிருந்தது. உப்புக்காற்றுக்குக் கம்பி கறள் ஏறினால் பருத்து, கொங்கிறீற்றையே பிளக்கும். மேசன் பாஸ் சுத்தியலால் தட்டிக் காட்டினார், பொக்கைச் சத்தம். வீடு பார்க்கும் அன்றே அவரைக் கூட்டிப் போயிருந்தால் ஒரு நாட்கூலியோடு முடிந்திருக்கும். திருத்தினதுக்கு 2,60,000.

மலகூடக் குழியின் கதை சிரிப்பு, எனக்கு இல்லை. உறுதியோடு இருந்த பிளான் 1987இல் கீறினது. நில அளவையாளரைக் கொண்டு 38,000 கொடுத்துப் புதிதாக அளந்தால் காணி 10.6 பேர்ச்சஸ். குழியின் பாதி பக்கத்து வீட்டுக்காரரின் காணிக்குள். பாவம் அந்த மனிசன், சண்டை பிடிக்கவில்லை. "ஆறுதலா மாத்துங்கோ" என்று மட்டும் சொன்னார். புதுக் குழிக்கு 1,85,000.

எல்லாம் கூட்டினால் 11,85,300. விலையில் நூற்றுக்குப் பதினாலுக்கு மேல். தாலிக்கொடி தவிர மனுசியின் நகை முழுக்க அடகில்.

வீட்டுக்குச் சபை அறவிடும் சோலைவரியில் பேர் மாற்றுகிற வேலை இன்னும் கிடக்கிறது. அதிலும் பழைய நிலுவை இருக்கிறதாம். திங்கட்கிழமை சபைக்குப் போய் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு வந்து எழுதுகிறேன்.