ஜார்ஜ் டவுனில் தேவாலயத் தொண்டர்கள் தங்கும் மகளிர் விடுதி: ஒரு மதிப்பீடு

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனில், பினாங்கு ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் தெருவொன்றில், பழைய கடைவீட்டின் மேல்மாடியில் நடந்துவரும் மகளிர் விடுதியைப் பற்றியது இந்த மதிப்பீடு. விடுதிக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பங்கு (ஒரு கத்தோலிக்க ஆலயத்தைச் சேர்ந்த மக்கள் சமூகம்) அலுவலகத்தின் வழியாகவும், முன்பு தங்கிச் சென்றவர்கள் சொல்லியும்தான் ஆட்கள் வருகிறார்கள். நடத்துகிற அம்மையார் விளம்பரத்தை விரும்பாதவர் என்பதால் பெயரையும் முகவரியையும் இங்கே தரவில்லை. தூத்துக்குடியிலிருந்து மறைக்கல்விக்கும் (பிள்ளைகளுக்கான சமயப் பாடம்) இளையோர் பணிக்குமாக இங்கு வந்து தங்கியிருப்பவள் நான். என்னைப் போல முதன்முறையாக நாடு கடந்து தொண்டுக்கு வரும் பெண்களுக்கு இந்த இடம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை மட்டுமே சொல்ல விரும்புகிறேன்.

அறைகள் சிறியவை. மரத்தளம், மேலே ஒரு மின்விசிறி, ஆளுக்கொரு கட்டில், ஒரு அலமாரி, தெருவைப் பார்த்த மரச்சட்டச் சன்னல். குளிர்சாதன வசதி இல்லை. உயரமான கூரையும் வீட்டின் நடுவிலுள்ள திறந்த முற்றமும் இருப்பதால் இரவில் அது பெரிய குறையாகத் தெரிவதில்லை. மாடிப்படி ஏறியதும் சுவரோரம் ஒரு பிஸ்கட் தகரம் இருக்கிறது. அதற்குள் மூன்று தட்டைக் கால்களுள்ள பிளக் அடாப்டர்கள் குவிந்து கிடக்கின்றன. போனவர்கள் விட்டுச் சென்றவற்றை வருபவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஊரிலிருந்து கொண்டுவரும் உருண்டைக் கால் சார்ஜர் மலேசியச் சுவரில் நுழையாது என்பதை விமானத்திலிருந்து இறங்கிய இரவில்தான் பலரும் அறிகிறார்கள். அந்த நேரத்தில் கடை தேடி அலையாமல், வந்து சேர்ந்துவிட்டேன் என்று வீட்டுக்குச் சொல்ல முடிவது மிகப் பெரிய உதவி.

இருவர் தங்கும் அறைக்கு, காலை இரவு உணவும் சேர்த்து, தலைக்கு மாதம் 600 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). தனியறை என்றால் 750. முன்பணம் ஒரு மாத வாடகை மட்டுமே. வெளியில் அறை எடுப்பதென்றால் இரண்டு மாத வாடகையை முன்பணமாகவும், தண்ணீர் மின்சாரத்துக்கென்று அரை மாத வாடகையையும், அதற்கு மேல் முதல் மாத வாடகையையும் ஒரே கையில் கட்டச் சொல்வது இந்நாட்டு வழக்கம். பங்கு தரும் கைச்செலவுத் தொகையை நம்பியிருக்கும் ஒருவரால் அதைத் திரட்டவே முடியாது. ஆகவே விலையைப் பொறுத்தவரை எனக்கு எந்தக் குறையும் இல்லை.

உணவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காலையில் ஏழு மணிக்கெல்லாம் பசியாற இட்லியோ தோசையோ தயாராகிவிடும். வாரத்தில் ஓரிரு நாள் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக். இரவில் சோறு, ஒரு கறி, ஒரு காய், ரசம். மீன் என்றால் பெரும்பாலும் கெம்போங் மீன்தான் (நம்மூர்க் கானாங்கெளுத்தி வகை). கடற்கரை ஊர்க்காரியான எனக்கு அதன் குழம்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் சம்பல் என்னும் மிளகாய்த் துவையலில் சேரும் பெலாச்சானின் (புளிக்கவைத்த இறால் விழுது) மணம் பழகுவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பினாங்கில், சோற்றின் மேல் பலவகைக் கறிகளை ஊற்றித் தரும் நாசி கண்டார் கடைகளுக்குப் பஞ்சமில்லை, சுவைக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் கோழியும் காயும் வைத்து ஒரு தட்டு வாங்கினால் பத்து வெள்ளியைத் தாண்டிவிடும். தினமும் வெளியே சாப்பிட்டுக் கட்டுப்படியாகாது.

சுவையைவிட நான் உயர்வாக மதிப்பது இந்த வீட்டுச் சமையலறை திருச்சபையின் நேரத்தை அறிந்து நடப்பதைத்தான். ஞாயிற்றுக்கிழமை திருப்பலி, மறைக்கல்வி வகுப்பு, இளையோர் கூட்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாக முடித்துவிட்டுப் பிற்பகல் மூன்று மணிக்கு வந்தாலும், மேசையில் மூடி வைத்த தட்டுகளின் மேல் அவரவர் பெயர் எழுதிய சீட்டு இருக்கும். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி கிடையாது. சிலுவைப் பாதை முடிந்து வருபவர்களுக்காகக் கஞ்சியும் துவையலும் இரவு ஒன்பது மணி வரை சூடாகக் காத்திருக்கும். மற்ற விடுதிகளில் இருக்கும் தோழிகள் அந்த நாட்களில் ரொட்டியும் தேநீருமாக நாளைக் கழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த விடுதியின் உண்மையான மதிப்பு வாடகைக் கணக்கில் வராத ஒரு பணியில் இருக்கிறது. புதிதாக வருபவரை முதல் சில வாரங்களுக்கு அறைக்குள் அடைந்து கிடக்க அம்மையார் விடுவதில்லை. நாங்கள் எல்லோரும் அவரை ஆன்ட்டி என்றுதான் அழைக்கிறோம். தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை காலையில் புதியவரைச் சௌராஸ்தா சந்தைக்கு அழைத்துச் சென்று, கீரையின் விலையை மலாயில் கேட்க வைத்து, இங்குள்ள சீனர்கள் பேசும் ஹொக்கியன் மொழியின் எண்களைக் காதில் வாங்கிக்கொள்ளப் பழக்குகிறார். நகர நடுவிலுள்ள கொம்தார் கோபுரத்திலிருந்து படகுத்துறைக்குச் செல்லும் இலவசப் பேருந்து எங்கே நிற்கும், பெருநிலத்திலுள்ள பட்டர்வொர்த்துக்குப் போகும் படகில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் கொமுட்டர் என்னும் பயணிகள் ரயிலை எப்படிப் பிடிப்பது என்பதையெல்லாம் ஒருமுறை கூடவே வந்து காட்டிவிட்டு, அடுத்த முறை, "நீயே போய்ட்டு வாம்மா" என்று அனுப்பிவிடுவார்.

குடிநுழைவு விஷயத்தில் அவர் காட்டும் கண்டிப்பும் என் பாராட்டுக்கு உரியது. சமயப் பணிக்கு வருபவர்களுக்கென்று பாஸ் லாவாத்தான் இக்திசாஸ் (தொழில்முறை வருகை அனுமதி) என்னும் அனுமதியின் கீழ் தனிப் பிரிவே இருக்கிறது. அழைக்கும் திருச்சபைதான் அதற்குப் பொறுப்பேற்று விண்ணப்பிக்க வேண்டும். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் கிடைக்கும் 30 நாள் விசா விலக்கு சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கானது. அதில் வந்து தொண்டு செய்யலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். அனுமதியின் நகலைப் பார்க்காமல் ஆன்ட்டி அறைச் சாவியைக் கொடுப்பதே இல்லை. அதோடு, கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தந்தாலும், முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு இடமளிக்கிறது என்பதையும், அதனால் துண்டுப் பிரசுரம், தெருமுனை ஜெபம் போன்ற ஊர்ப் பழக்கங்களை இங்கே கொண்டுவரக் கூடாது என்பதையும் முதல் வாரத்திலேயே உட்கார வைத்துச் சொல்லிவிடுகிறார். இந்த அறிவுரை தாமதமாகக் கிடைத்தால் தொண்டருக்கு மட்டுமன்றிப் பங்குக்கே சங்கடம்.

மறைக்கல்வி எடுப்பவர்களுக்கு அவர் தரும் உதவி வேறெங்கும் கிடைக்காது. பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. ஆனாலும் பங்குப் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் தேசியப் பள்ளியிலோ சீனப் பள்ளியிலோ படிப்பவர்கள். வீட்டில் சரளமாகத் தமிழ் பேசும் பிள்ளை, பாடல் புத்தகத்தைத் திறந்ததும் வாயை மூடிக்கொள்ளும். ஒரே பாடலைத் தமிழ் எழுத்தில் ஒரு பக்கமும் ரோமன் எழுத்தில் மறுபக்கமும் அச்சிட்டுக் கொடுக்கச் சொன்னதும், தமிழெழுத்துப் பக்கத்தை மேலே வைத்துப் பாடத் தொடங்கினால் பிள்ளைகள் மெல்ல மெல்ல அதையே பார்ப்பார்கள் என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். என் வகுப்பில் அது அப்படியே நடந்தது.

குறைகளும் இருக்கின்றன. அறைகளைப் பிரிப்பது பலகைத் தடுப்பு. பக்கத்து அறையில் ஊருக்குப் பேசுவது வரி விடாமல் கேட்கும். மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னதாக இருப்பதால், அங்கே வேலை முடிந்து வீட்டார் அழைக்கும்போது இங்கே பாதிப் பேர் உறங்கப் போயிருப்பார்கள். இரவு பத்தரைக்கு வாசற்கதவு பூட்டப்படும். முழு இரவு ஜெபம், பாஸ்கா விழிப்பு போன்ற நாட்களுக்கு முன்கூட்டியே சொன்னால் சாவி கிடைக்கும். சொல்லாமல் தாமதித்தால் அஞ்சடியில் (கடைவீட்டின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதை) நின்று கதவைத் தட்ட வேண்டியதுதான். இணைய இணைப்பு பின்னறைகளில் வலுவாக இல்லை. மழை வலுக்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் முற்றத்துக் கொடியில் துணி காயாது; தெருமுனையில் இருக்கும் தானியங்கி டோபிக் கடைக்குத் தனியாகச் செலவழிக்க நேரிடும். தனிமையை விரும்புபவர்களுக்கு ஆன்ட்டியின் அக்கறை சில நேரம் கூடுதலாகத் தோன்றலாம். எங்கே போகிறாய், யாருடன் போகிறாய் என்று அவர் கேட்காமல் இருக்கமாட்டார். எனக்கு அது வேண்டியிருந்தது; எல்லோருக்கும் வேண்டியிருக்காது.

ஜூலை மாதத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். புக்கிட் மெர்தாஜத்திலுள்ள புனித அன்னம்மாள் ஆலயம், 2019இல் இளைய பசிலிக்காவாக (திருத்தந்தை தரும் சிறப்புத் தகுதி) உயர்த்தப்பட்டது. அதன் திருவிழாக் காலத்தில் சிங்கப்பூரிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் வரும் யாத்திரிகர்களால் ஊரே நிறைந்துவிடும். அந்த நாட்களில் இந்த விடுதியின் கூடத்திலும் பாய் விரித்து ஆட்கள் படுத்திருப்பார்கள். குளியலறைக்கு வரிசை, தூக்கம் குறைவு. புனித அன்னம்மாளின் நாளான ஜூலை 26 அன்றுதான் தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழாவுக்குக் கொடியேற்றம். வீட்டு ஏக்கம் மிகக் கடுமையாக இருந்திருக்க வேண்டிய அந்த நாளில், வரிசையை ஒழுங்குபடுத்துவது, முதியவர்களைக் கைபிடித்து ஏற்றுவது, மெழுகுவர்த்தி விநியோகிப்பது என்று நான் ஓடிக்கொண்டிருந்ததற்கு, விடுதியிலிருந்தே ஒரு குழுவாக எங்களை அழைத்துச் சென்ற ஆன்ட்டியே காரணம்.

இன்றைய தாய்லாந்தின் அயுத்தயாவில் 1665இல் தொடங்கிய ஜெனரல் கல்லூரி என்னும் குருமடம் (குருக்களுக்கான பயிற்சி இல்லம்) 1808இல் இத்தீவுக்கு வந்ததிலிருந்து, திருச்சபைக்காகக் கடல் கடந்து வரும் இளையோரைப் பார்த்துப் பழகிய ஊர் பினாங்கு. அந்தப் பழக்கத்தின் பலன் இந்த விடுதியிலும் தெரிகிறது. புதியவரைக் காட்சிப்பொருளாகப் பார்க்காமல் மறுநாளே ஒரு வேலையைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

என் பரிந்துரை இதுதான். முதன்முறை வெளிநாட்டுக்கு வருபவர்கள் முதல் ஆறு மாதங்களை இங்கேயே கழியுங்கள். மொழியும் வழியும் கைவந்த பிறகு, தனியறையும் நல்ல இணையமும் தேவைப்படுபவர்கள் பங்குக்கு அருகிலேயே வேறு அறை பார்த்துக்கொள்ளலாம். மருத்துவமனைச் சந்திப்பு, இரவுப் பணி போன்றவற்றுக்கு வருபவர்களுக்குப் பத்தரை மணிப் பூட்டு ஒத்துவராது. தொடக்கத்திலேயே வேறு இடம் கேளுங்கள். இடம் வேண்டுபவர்கள் அனுமதி கைக்கு வந்ததும், தங்களை அழைக்கும் பங்கு அலுவலகத்தின் வழியாகவே சொல்லி வைக்க வேண்டும். ஜூலையில் வந்து இறங்குவதைத் தவிர்த்துவிடுங்கள். ஆகஸ்ட் பாதிக்கு மேல் வந்தால் சன்னலோரக் கட்டில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.