அக்கா கடையின் பின் மேசை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சாப்பாட்டுக்காக மட்டும் சுங்கை பட்டாணியிலிருந்து மோட்டாரை முடுக்கிக்கொண்டு வரவேண்டிய கடை இல்லை இது. தோசை சுமார். சாம்பார் சில நாள் தண்ணி. மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) கடை அண்ணன் போட்டால் பிரமாதம், கடைத் தம்பி போட்டால் கிச்சாப் (சோயா சாஸ்) தூக்கல். ஆனாலும் தாதி படிப்பில் சேர்ந்த இந்த மூன்று வருஷத்தில் நான் விடாமல் போகும் ஒரே கடை இதுதான்.

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பட்டணத்தைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குத் திரும்பும் முனையில், கோயிலுக்கு எதிரே இருக்கும் ஒட்டுக்கடை. பெயர்ப்பலகை கிடையாது. 'அக்கா கடை' என்று கேட்டால் கை காட்டுவார்கள். மாலை 5 மணியிலிருந்து இரவு 11 வரை, செவ்வாய் லீவு. தே தாரே, அதாவது ஆற்றிய பால் டீ, 2 வெள்ளி (ரிங்கிட்), முட்டை போட்ட மீ கோரெங் 7 வெள்ளி.

நாங்கள் மூன்று பேர், ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வளர்ந்தவர்கள். ஒருத்தி தமிழ்ப்பள்ளியில் பாலர் பள்ளி டீச்சர். கெடாவில் வெள்ளியும் சனியும் லீவு. இன்னொருத்திக்குப் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஆபீஸ் வேலை. அங்கே சனியும் ஞாயிறும் லீவு. எனக்கோ ரோஸ்டர் என்ன சொல்கிறதோ அதுதான் லீவு. ஆக மூவருக்கும் பொதுவாக மிஞ்சுவது சனிக்கிழமை மட்டும், அதுவும் எனக்குக் காலை ஷிப்ட் விழுந்தால். 2 மணிக்குப் போய் 9 மணிக்கு முடிகிற நாளென்றால் யூனிபார்மை மாற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு ஒன்பதே முக்காலுக்கு ஓடிவருவேன். தம்பி அதற்குள் பின்பக்க நாற்காலிகளைக் கவிழ்க்க ஆரம்பித்திருப்பான். "அந்தப் பிள்ளை இன்னும் வரல, பின் மேசையை விடுடா" என்று அக்கா அதட்டுவது ரோட்டுக்கே கேட்கும்.

நைட் ஷிப்ட் முடிந்து பகலெல்லாம் தூங்காமல் வந்தால் இவளுக இரண்டு பேரும் எனக்கு கிளாஸ்கோ கோமா ஸ்கேல் பார்ப்பாளுக, அதாவது கண், பேச்சு, அசைவு மூன்றுக்கும் மார்க் போட்டு நோயாளிக்கு எவ்வளவு சுயநினைவு இருக்கிறது என்று பார்க்கிற கணக்கு. என் நோட்டை வைத்து நானே சொல்லிக்கொடுத்த பாவம். "கூப்பிட்டாத்தான் கண்ணைத் தொறக்குறா, மூணு. தே ஓ கேட்டுட்டு மைலோ வந்துச்சான்னு உளறுறா, நாலு. கையைத் தூக்குடின்னா தூக்குறா, ஆறு." கூட்டினால் பதினைந்துக்குப் பதின்மூன்று. "அட்மிட் பண்ணிடலாம்" என்று டீச்சர் தீர்ப்பு சொல்வாள். டிரிப் கணக்கும், அதாவது நரம்பில் ஏற்றுகிற மருந்துநீர் நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு விழவேண்டும் என்கிற கணக்கும், இங்கேதான் எனக்கு ஏறியது. 500 மில்லி, 4 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழுகிற டியூப். பில் காகிதத்தின் பின்பக்கம் நான் மூன்று தடவை போட்டு மூன்று விடை வந்தபோது, ஆபீஸ்காரி கோழிக்காலைக் கடித்துக்கொண்டே, "நிமிஷத்துக்கு 42டி" என்றாள்.

ஒரே தே தாரேயோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் இந்தக் கடையில் முகம் சுளிக்க மாட்டார்கள். பட்டணத்தில் வேறொரு கடையில் புத்தகத்தை எடுத்ததுமே மேசையைத் துடைக்க ஆள் வந்து நின்ற கதை எனக்கு உண்டு.

ஆனால் நான் இங்கே ஒட்டிக்கொண்ட காரணம் வேறு. தோட்டத்து ஊரில் வார்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியவேண்டிய விஷயம். போன வருஷம் பக்கத்து மேசைப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதான ஆஸ்பத்திரில இருக்க. எங்க லயத்துக் கிழவருக்கு என்னவாம், காலை எடுக்கப் போறாங்களா?" என்றார். அன்று காலைதான் அவருக்கு டிரெஸ்ஸிங் மாற்றியிருந்தேன். "எனக்குத் தெரியாதுங்க பாட்டி" என்றேன். பாட்டி விடவில்லை. சின்ன வயதில் எனக்குச் சோறு ஊட்டியவர். அவரிடம் பொய் சொல்கிற மாதிரி இருந்தது, தொண்டை அடைத்தது. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கோப்பையில் தேயைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, "பாட்டி, உங்க தப்பாவ் பார்சல் ரெடி, சூடு ஆறிடும்" என்று அவரை எழுப்பிக் கூட்டிப்போனார். அடுத்த சனிக்கிழமையிலிருந்து எங்கள் மேசை பின்பக்கம், மங்கு கழுவுகிற இடத்துக்கு அருகே போய்விட்டது. யாரும் யாரிடமும் காரணம் பேசவில்லை.

குறை? கை கழுவும் இடம். சோப்பு டப்பாவில் முக்கால்வாசி தண்ணிதான். காலையெல்லாம் ஏழு படியாகக் கை தேய்த்துவிட்டு வருகிறவளுக்கு அதைப் பார்த்தால் நெஞ்சு பதறும். சொன்னேன். ஒரு வாரம் கெட்டியான சோப்பு இருந்தது, பிறகு பழையபடிதான். நான் பையில் சின்ன பாட்டில் வைத்துக்கொள்கிறேன். கைக்குழந்தையோடு போகிறவர்களும் அப்படியே செய்யலாம். பின் மேசை ஃபேன் கடகடவென்று ஆடும், நேர் கீழே உட்காராதீர்கள்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். போங்க, மீ கோரெங் அண்ணன் கையால் கேட்டுச் சாப்பிடுங்க. சனிக்கிழமை மட்டும் பின் மேசையில் உட்காராதீங்க, எனக்கு இன்னும் லெம்பாகா (தாதியர் வாரியம்) பரீட்சை முடியல.