ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டா: எந்தப் பதிவை வாங்குவது?

பியானோவுக்கென்று பல பாகங்களாக எழுதப்படும் சொனாட்டாக்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால், பேத்தோவனின் முப்பத்திரண்டையும் சற்றே தயக்கத்தோடு ஒதுக்கிவிட்டு, ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் பி-பிளாட் மேஜர் சொனாட்டாவை எடுத்துக்கொள்வேன். ஷூபர்ட் படைப்புகளின் பட்டியலில் டி. 960 என்ற எண்ணைத் தாங்கிய இந்தப் படைப்பை அவர் வியன்னாவில் 1828 செப்டம்பர் 26 அன்று எழுதி முடித்தார். எட்டு வாரங்கள்கூட ஆகவில்லை, நவம்பர் 19 அன்று 31 வயதில் இறந்துபோனார். டியபெல்லி பதிப்பகம் இதை அச்சிட்டது 1839-இல்தான். இன்று இதற்கு இருக்கும் ஒலிப்பதிவுகள் ஒரு மனிதர் கேட்டு முடிக்கக்கூடிய அளவில் இல்லை என்பதால், புதிதாக வாங்க நினைப்பவர் தடுமாறிப்போவது இயல்பே. பெயர் பெற்ற கலைஞர் என்பதற்காகவோ விருது வாங்கிய இசைத்தட்டு என்பதற்காகவோ தேர்ந்தெடுப்பதைவிட, முதல் பாகத்தில் இரண்டே இடங்களை வைத்து ஒரு பதிவை எடைபோடலாம் என்பது என் கருத்து.

முதல் இடம் எட்டாவது தாளக்கட்டில் (இசைக்குறிப்பில் கோடுகளுக்கு இடையே அடங்கும் தாள அலகில்) வருகிறது. தொடக்க மெட்டு மிக மெல்லிய ஒலியில், கூட்டுவழிபாட்டுப் பாடலைப் போல அடுக்கடுக்கான சுரங்களோடு நகர்ந்து ஓர் ஓய்வுக்கு வரும்போது, பியானோவின் அடித்தளத்தில் ஜி-பிளாட் சுரத்தில் ஒரு ட்ரில், அதாவது அடுத்தடுத்த இரு சுரங்களின் வேகமான மாறிமாறி அதிர்வு, முனகுகிறது. அதற்கடுத்து நீண்ட மௌனம். அந்தச் சுரம் பி-பிளாட் மேஜரின் ஏழு சுரங்களில் அடங்காதது. ஆனால் சற்று நேரத்தில் மெட்டு முழுவதுமாக ஜி-பிளாட் மேஜருக்கு இடம்பெயர்வதையும், அதற்குப் பின் அதே சுரம் எஃப்-ஷார்ப் என்று வேடம் மாற்றிக்கொண்டு மைனரில் வருவதையும் கேட்கும்போது, அந்த ஒற்றை முனகலில்தான் பாகம் முழுவதும் கருக்கொண்டிருந்தது என்று புரிகிறது. இதை இடியோசையாக முழக்குபவர்கள் உண்டு. கேட்டும் கேட்காததுபோலக் கடந்துவிடுபவர்களும் உண்டு. இரண்டுமே பிழை என்றுதான் எனக்குப் படுகிறது. ட்ரில்லின் சுரம் தெளிவாகக் காதில் விழவேண்டும், ஆனால் அது முன்னறையில் அல்ல, எங்கோ உள்ளறையில் நிகழவேண்டும்.

இரண்டாவது இடம், மெட்டுகள் அறிமுகமாகும் முற்பகுதியை மறுபடியும் வாசிப்பதா வேண்டாமா என்பது. ஷூபர்ட் மீண்டும் வாசிக்கும்படி குறியிட்டிருக்கிறார். அதுமட்டுமின்றி, தொடக்கத்துக்குத் திரும்புவதற்கென்றே ஒன்பது தாளக்கட்டுகளைத் தனியாக எழுதியும் வைத்திருக்கிறார். திக்கித்திக்கி வரும் துண்டுகளும் எதிர்பாராத சீற்றமும் கொண்ட அந்த வரிகள் படைப்பில் வேறெங்கும் இல்லை. அந்த அடித்தள ட்ரில் உரத்துக் கத்துவதும் இங்கே மட்டும்தான். மறுவாசிப்பைத் தவிர்ப்பவர் இந்த ஒன்பது தாளக்கட்டுகளையும் சேர்த்தே தவிர்க்க நேர்கிறது. ஆல்ஃபிரெட் பிரெண்டல் வேண்டுமென்றே தவிர்த்தார்: அந்த வரிகள் பாகத்தின் இயல்போடு ஒட்டவில்லை என்று வாதிட்டு எழுதியும் இருக்கிறார். இசையைப் பற்றி அவரளவுக்குக் கூர்மையாக எழுதிய பியானோ கலைஞர்கள் மிகச் சிலரே; ஆயினும் இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒட்டாமல் இருப்பதுதான் அந்த வரிகளின் பயன். முதல்முறை அமைதியாகக் கேட்ட மெட்டை, அந்தச் சீற்றத்துக்குப் பிறகு அதே அமைதியோடு கேட்க முடிவதில்லை.

ஒரு பதிவில் மறுவாசிப்பு இருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே அறிய எளிய வழி, தட்டின் பின்னட்டையிலோ செயலியிலோ முதல் பாகத்தின் நேரத்தைப் பார்ப்பது. 14, 15 நிமிடம் என்றிருந்தால் மறுவாசிப்பு இல்லை. 20 நிமிடத்தை ஒட்டியோ தாண்டியோ இருந்தால் பெரும்பாலும் இருக்கிறது.

நேரம் என்றதும் ஸ்வியாதஸ்லாவ் ரிக்டரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 1972-இல் சால்ஸ்பர்க்கில் அவர் செய்த பதிவில் முதல் பாகம் மட்டுமே 24 நிமிடங்களைத் தாண்டுகிறது. ஷூபர்ட் கேட்டது மிதமான வேகம். ரிக்டர் தருவது ஏறக்குறைய நின்றுவிடக்கூடிய நடை. முதல் சில நிமிடங்கள் பொறுமையைச் சோதிக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையே உள்ள தூரத்தைச் சிதறவிடாமல் பிடித்துவைத்திருக்கும் உறுதி, கேட்பவரின் மூச்சையே தன் வேகத்துக்கு இழுத்துக்கொள்கிறது. ஷூபர்ட்டின் திரும்பத் திரும்ப வரும் அமைப்புகளில் அவ்வளவாகப் பிடிப்பில்லாத கனடா பியானோ கலைஞர் கிளென் கூல்டு, 1957-இல் மாஸ்கோவில் ரிக்டர் இந்தச் சொனாட்டாவை வாசித்ததைக் கேட்டு மயங்கிப்போனதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். இருந்தும், முதன்முதலாக இந்தப் படைப்பைக் கேட்கப்போகிறவருக்கு ரிக்டரைப் பரிந்துரைக்கமாட்டேன். இரண்டாவதாக வாங்கவேண்டிய பதிவு இது.

முதலில் வாங்கவேண்டியது மிட்சுகோ உச்சிடாவின் பதிவு. 1990-களில் வியன்னாவின் மூசிக்ஃபெராயின் அரங்கில் பிலிப்ஸ் நிறுவனத்துக்காக அவர் செய்த ஷூபர்ட் வரிசையைச் சேர்ந்தது. மறுவாசிப்பு உண்டு. எட்டாவது தாளக்கட்டின் ட்ரில், மேலே நான் சொன்ன உள்ளறைத் தொலைவில் மிகச் சரியாக விழுகிறது. மிக மெல்லிய ஒலிக்குள்ளேயே நான்கைந்து படிகளை அவரால் பிரித்துக்காட்ட முடிகிறது என்பது இரண்டாம் பாகத்தில்தான் நன்றாகத் தெரியவரும். சி-ஷார்ப் மைனரில் அமைந்த அந்தப் பாகத்தில் வலக்கை நடுப்பகுதியில் மெட்டைப் பாடிக்கொண்டிருக்க, இடக்கை அடியில் ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு வலக்கைக்கு மேலே தாவிச் சென்று இன்னொன்றைத் தொட்டுத் திரும்புகிறது. பாகம் முடியுமுன் ஓரிடத்தில், எந்த முன்னறிவிப்பும் இன்றி, இசை அரைச்சுரம் சரிந்து சி மேஜருக்குள் நுழைகிறது. உச்சிடா அங்கே வேகத்தைக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை, ஒலியின் நிறத்தை மட்டும் மாற்றுகிறார். அந்த ஓரிடத்தை எத்தனை பேர் வாசிப்பில் கேட்டாலும் நான் திரும்பி வருவது இவரிடம்தான். குறை சொல்லவேண்டுமென்றால், ஒலி அளவின் ஏற்ற இறக்கம் மிக அகலமானது. பேருந்திலோ நடையிலோ காதுக்கருவியில் கேட்பவருக்குப் பாதி இசை விழாது.

வில்ஹெல்ம் கெம்ப்ஃப் 1960-களில் டாய்ச்ச கிராமஃபோனுக்காகப் பதிவுசெய்த சொனாட்டாக்களின் முழுத்தொகுப்பில் உள்ள வாசிப்பை, விலையையும் கணக்கில் கொண்டு, உச்சிடாவுக்கு மாற்றாகச் சொல்லலாம். இவரும் மறுவாசிப்பை விடுவதில்லை. இவரிடம் சோகம் குறைவு, உரையாடல் அதிகம். மூன்றாம் பாகத்தை ஷூபர்ட் நளினத்தோடு வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லுக்கு இவரளவுக்கு உண்மையாக இருப்பவர் அரிது. அந்தப் பாகத்தின் நடுவே மைனரில் வரும் சிறுபகுதியில் இடக்கை தாளத்துக்கு வெளியே தட்டும் அழுத்தங்களை மட்டும் இன்னும் சற்று முரட்டுத்தனமாக வைத்திருக்கலாம்.

முற்றிலும் வேறொரு ஒலி வேண்டுவோர்க்கு ஆந்த்ராஸ் ஷிஃப் இருக்கிறார். ஈசிஎம் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட இரட்டைத்தட்டில் அவர் வாசிப்பது, வியன்னாவில் 1820-ஐ ஒட்டி ஃபிரான்ஸ் பிராட்மான் செய்த ஃபோர்ட்டெபியானோ என்னும் பழைய வகைப் பியானோ. அதன் பெடல்களில் ஒன்றை மிதித்தால் சுத்தியலுக்கும் கம்பிக்கும் இடையே துணி வந்து குறுக்கிடும். ஒலி அமுங்கிக் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். இன்றைய ஸ்டைன்வே பியானோவின் அடித்தளச் சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து முழங்குபவை. பிராட்மானில் அவை மரத்தின் வறட்சியோடு தனித்தனியே நிற்பதால், எட்டாவது தாளக்கட்டின் ட்ரில் இரு சுரங்களின் உரசலாகவே காதில் விழுகிறது. ஷூபர்ட் ஏன் அவ்வளவு ஆழத்தில் ஒரு ட்ரில்லை எழுதத் துணிந்தார் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. நீடித்து ஒலிக்கும் தன்மை இந்தக் கருவிக்குக் குறைவு என்பதால் இரண்டாம் பாகத்தில் மட்டும் ஸ்டைன்வேக்கு மனம் ஏங்குகிறது.

கிறிஸ்டியன் ஸிமர்மன் 2017-இல் வெளியிட்ட பதிவு பெரிதும் பாராட்டப்பட்டது. ஜப்பானின் காஷிவாஸாகி நகர அரங்கில், தானே வடிவமைத்த விசைப்பலகை அமைப்பை ஸ்டைன்வேக்குள் பொருத்தி வாசித்திருக்கிறார். மெல்லிய ஒலிகளில் அந்த உழைப்பின் பலன் தெரிகிறது. எனக்கோ ஒவ்வொரு சொற்றொடரும் பலமுறை யோசித்து நிறுத்தப்பட்டது என்ற உணர்வு விட்டுப்போவதில்லை, வியக்கிறேன், ஒன்றிப்போவதில்லை. ராடு லுபுவின் டெக்கா பதிவு கிராமி விருது பெற்றது, அதற்குத் தகுதியானதும்கூட. உச்சிடா கிடைக்காத இடத்தில் யோசிக்காமல் வாங்கலாம். பிரெண்டலை வாங்குவோர் 1988-ஆம் ஆண்டுப் பதிவைத் தேடலாம். கடைசிப் பாகத்தின் குறும்பு அவருக்கு நன்றாகவே பிடிபடுகிறது.

அந்தக் கடைசிப் பாகம்தான் பலருக்கும் கைநழுவிப் போவது. ஜி சுரத்தை மணியடித்ததுபோல் நிறுத்திவிட்டு, தவறான சுரத்தானத்தில் தொடங்குவதுபோல் பாவனைசெய்து பிறகு சரிசெய்துகொள்ளும் மெட்டு அது. முடிவுக்கு அருகில் அந்த ஜி, ஜி-பிளாட்டாக இறங்கி, பிறகு எஃப்-ஆக இறங்கி, திடீரென்று பாய்ந்தோடி முடிகிறது. ஆழ்ந்த துயரத்தோடு முதலிரு பாகங்களை வாசித்தவர்களுக்கு இந்தக் கேலியை எங்கே வைப்பது என்று தெரிவதில்லை. அதில் ஆர்த்தர் ஷ்னாபல் 1939-இல் செய்த பதிவே இன்றும் முதலிடத்தில் நிற்கிறது. பேத்தோவனின் சொனாட்டாக்கள் முழுவதையும் முதன்முதலில் பதிவுசெய்தவர் அவர். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் தட்டுகளின் காலம், ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடம். விரல் வழுக்குகிறது, சில சுரங்கள் காணாமலே போகின்றன, ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பின்னும் அவர் தொடங்கும் விதத்தில் ஒரு சிரிப்பு இருக்கிறது. இதை வாங்கும்போது மறுபதிப்பைப் பார்த்து வாங்கவேண்டும். ஊசியின் இரைச்சலை ஒட்டத் துடைத்தெடுத்த பதிப்புகளில் பியானோவின் மேல்சுரங்களும் சேர்ந்தே போய்விடுகின்றன. சற்றுக் கரகரப்பை விட்டுவைத்த பதிப்பே நல்லது.