வேலந்தாவளம் சாலையில் ஒரு சாயாக்கடையும் அதன் கரும்பலகையும்: பிளாஸ்டர்ஸ் ஆட்ட இரவுகளுக்கான மதிப்புரை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் செல்லும் சாலையில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறிய சாயாக்கடையைப் பற்றியது இந்த மதிப்புரை. கடைக்காரர் விளம்பரத்தை விரும்பாதவர் என்பதால் பெயரை எழுதவில்லை. ஆனால் இந்தப் பக்கத்தில் கால்பந்து பார்ப்பவர் எவரிடம் கேட்டாலும் வழி சொல்வார்கள். பகல் முழுவதும் அது தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் வழக்கமான எல்லைக் கடை. இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தில் கொச்சி அணியான கேரளா பிளாஸ்டர்ஸ் ஆடும் மாலைகளில் மட்டும் உள்சுவரில் வெள்ளைத் திரை இறங்குகிறது, பின்கட்டிலிருந்து பெஞ்சுகள் வருகின்றன, வாசலுக்கு இடப்புறம் ஒரு கரும்பலகை மாட்டப்படுகிறது. இந்தக் கடையைப் பரிந்துரைக்க முதல் காரணம் திரையல்ல, அந்தக் கரும்பலகைதான்.

அதன் விதி எளியது. அதிகாரப்பூர்வமான அணிப்பட்டியல் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியாகும் அல்லவா, அதற்கு முன்பே அன்று யார் யார் இறங்க வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கூடிப் பேசிப் பதினொரு பெயர்களையும் இடப்பக்கம் எழுதிவிட வேண்டும். பட்டியல் வந்ததும் பயிற்சியாளரின் பதினொருவரை வலப்பக்கம் கடைக்காரரே எழுதுவார். அதன்பின் இடப்பக்கத்தில் எவரும் கை வைக்கக் கூடாது. ஆட்டம் முடிந்த பிறகு, "நான் அப்போதே சொன்னேன்" என்று சொல்ல விரும்புகிறவர், சொன்னது பலகையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க முடியும். தோற்ற அணியின் பயிற்சியாளரைத் திட்டுவது எவருக்கும் எளிது. ஆட்டத்துக்கு முன்பே தன் கணிப்பை எழுத்தில் வைத்துவிட்டுத் திட்டுவது வேறு வகை. ரசிகனின் கோபத்துக்கு ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. நான் அறிந்தவரை, கால்பந்து காட்டும் வேறு எந்தக் கடையும் இந்தச் சேவையைத் தருவதில்லை.

அதன் மதிப்பு முழுமையாகத் தெரிந்தது 2024-ஆம் ஆண்டின் செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில். ரசிகர்கள் ஆசான் என்று அழைத்த முந்தைய பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் மூன்று பருவங்களிலும் அணியைப் பிளே-ஆஃப் சுற்றுக்கு, அதாவது லீக் முடிந்தபின் முன்னணி அணிகள் பட்டத்துக்கு மோதும் சுற்றுக்கு, கொண்டுபோனவர். அவர் விலகிய பின், ஸ்வீடனைச் சேர்ந்த மிக்கேல் ஸ்டாரே பொறுப்பேற்றிருந்தார். 2009-இல் ஏ.ஐ.கே. அணிக்கு அந்நாட்டின் லீக் பட்டத்தையும் கோப்பையையும் ஒரே ஆண்டில் பெற்றுத்தந்தவர் அவர் என்பதால் கடையில் அவருக்கு நல்ல வரவேற்பே இருந்தது. ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மும்பை சிட்டியின் இளம் அணியை 8-0 என்று வென்றபோது, எதிரணி முழுப் பலத்துடன் இல்லை என்று தெரிந்தும் எல்லோரும் மகிழ்ந்தார்கள். பிறகு செப்டம்பர் 15, திருவோண நாளில், கொச்சியில் பஞ்சாபுக்கு எதிரான முதல் லீக் ஆட்டம். 86-ஆம் நிமிடத்தில் பெனால்டியில் ஒரு கோல் விழுந்தது. கூடுதல் நேரத்தில் ஹெசுஸ் ஹிமெனெஸ் சமன் செய்தார். அந்த ஆரவாரம் அடங்கும் முன்பே மறு கோல் விழுந்து 2-1 என்று தோற்றோம். அன்று எவரும் பயிற்சியாளரைக் குறை சொல்லவில்லை. பதற்றம் என்றார்கள், முதல் ஆட்டம் என்றார்கள். பின்னால் வந்த பல இரவுகளின் அச்சு அதிலேயே இருந்தது.

முதல் வழக்கு குவாமே பெப்ரா பற்றியது. ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக வந்து 88-ஆம் நிமிடத்தில் வெற்றிக் கோலை அடித்தார் அவர். அக்டோபர் 20 அன்று கொல்கத்தாவில் முகமதன் அணிக்கு எதிராக, ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது மறுபடியும் மாற்றாக வந்து சமன் செய்தார். சற்று நேரத்தில் ஹிமெனெஸ் வெற்றிக் கோலை அடித்தார். இப்படிப்பட்டவரை ஏன் தொடக்கத்திலேயே இறக்கக் கூடாது என்ற கேள்வி பலகையின் இடப்பக்கத்தில் தொடர்ந்து எழுதப்பட்டது. எனக்கு இதில் பயிற்சியாளர் பக்கமும் நியாயம் இருப்பதாகவே பட்டது: களைத்துப்போன தற்காப்புக்கு எதிராக ஒருவர் ஆற்றல் மிக்கவராக இருப்பதால், முதல் நிமிடத்திலிருந்தும் அப்படியே இருப்பார் என்று சொல்ல முடியாது. கடையிலேயே வயதில் மூத்த ஒருவர், அணிக்கு ஏழு பேராக ஆடும் செவன்ஸ் கால்பந்தின் பழைய ஆட்டக்காரர், இதை நிதானமாக எடுத்துச் சொன்னபோது இளைஞர்கள் கேட்டுக்கொண்டார்கள். இத்தகைய பேச்சு நடக்கும் இடம் என்பதே கடையின் சிறப்பு.

கோல்காப்பாளர் விஷயத்தில் அப்படி இரு பக்கம் இருக்கவில்லை. சச்சின் சுரேஷ், சோம் குமார் ஆகிய இருவருக்குமிடையே அந்த இடம் மாறிக்கொண்டே இருந்தது. இருவருமே இளைஞர்கள், இருவருமே பிழை செய்தார்கள், இருவருக்குமே அடுத்த ஆட்டம் உறுதியில்லாமல் இருந்தது. பின்வரிசையிலும் இதே கதை. அலெக்சாண்டர் கொயெஃப் சில ஆட்டங்களில் தற்காப்பின் நடுவிலும் சில ஆட்டங்களில் நடுக்களத்திலும் நிறுத்தப்பட்டார். கோல்காப்பாளரும் அவருக்கு முன்னால் நிற்பவர்களும் ஒருவர் மற்றவரின் குரலுக்குப் பழக வேண்டும். அந்தப் பழக்கம் பயிற்சியில் பாதியும் தொடர்ந்து ஒன்றாக ஆடுவதில் பாதியுமாக வருவது. பலகையின் இரு பக்கங்களும் அதிகமாக வேறுபட்டது இந்த இடங்களில்தான். வலப்பக்கம் ஏறத்தாழ ஒவ்வொரு வாரமும் மாறியது. இடப்பக்கம், சரியோ தவறோ, ஒரே பின்வரிசையைக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆனால் கடையின் உண்மையான கோபம் தேர்வைப் பற்றியதல்ல, ஒரே தவறு மாற்றமின்றித் திரும்பத் திரும்ப நிகழ்ந்ததைப் பற்றியது. நவம்பர் 3 அன்று மும்பையில் 2-0 என்று பின்தங்கிய அணி, ஹிமெனெஸின் பெனால்டியாலும் பெப்ராவின் கோலாலும் 2-2 என்று எழுந்து நின்றது. கோலடித்த மகிழ்ச்சியில் பெப்ரா சட்டையைக் கழற்றி இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறினார். அது ஆட்டக்காரரின் பிழை, மறுப்பதற்கில்லை. ஆனால் பத்துப் பேராக ஆன பிறகு தற்காப்பு வரிசையை உடனே கீழிறக்கி, ஒரு புள்ளியையாவது காத்துக்கொள்ளச் சொல்லும் ஆணை ஓரக்கோட்டிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. சில நிமிடங்களுக்குள் மூன்றாவது கோல் விழுந்தது, கடைசியில் 4-2. டிசம்பர் 7 அன்று பெங்களூருவில் அதே வரிசை அச்சு மாறாமல் நிகழ்ந்தது: 2-0 என்று பின்தங்கல், ஹிமெனெஸும் ஃபிரெடியும் அடித்து 2-2, அதன்பின் இரண்டு கோல் வாங்கி 4-2. இம்முறை சிவப்பு அட்டை என்ற சாக்கும் இல்லை. பெங்களூருவின் நாற்பது வயது சுனில் சேத்ரி மூன்று கோல் அடித்தார். அவரைக் கைதட்டிப் பாராட்டிய கடைதான் அது. ஆனால் அந்த வயதில் ஒருவர் தற்காப்பின் முதுகுப்புறம் இத்தனை முறை தனியாக நிற்க முடிந்தது எப்படி என்ற கேள்விக்கு எவரிடமும் பதில் இல்லை.

ஸ்டாரே விரும்பியது எதிரணியின் பாதியிலேயே பந்தைப் பறிக்கும் வேகமான ஆட்டம். முன்னால் நோவா சதாயி, ஹிமெனெஸ், அவர்களுக்குப் பின்னால் அட்ரியான் லூனா என்று பார்த்தால் அது பொருந்தாத திட்டமும் அல்ல. முன்வரிசை அழுத்தும்போது நடுவரிசையும் பின்வரிசையும் சேர்ந்து மேலேற வேண்டும். ஏறினால் பின்னால் வெற்றிடம் உண்டாகும். முன்வரிசை களைத்து அழுத்தம் தளர்ந்தால் எதிரணிக்கு நீளப் பந்து அனுப்ப நேரம் கிடைக்கும். அப்போது மொத்த அணியும் பத்துப் பதினைந்து கெஜம் பின்வாங்கியே ஆக வேண்டும். சமன் செய்வதற்காக எழுபது நிமிடம் ஓடிய அணிக்கு அந்தத் தளர்ச்சி வராமல் இருக்காது. இது திரையில் பார்த்த சாயாக்கடைக் கூட்டத்துக்கே தெரிந்தது என்பதுதான் வேதனை.

நவம்பர் 24 ஆட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அன்று கொச்சிக்கு வந்தது சென்னையின் எஃப்.சி. எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் அண்ணன் மஞ்சள் (பிளாஸ்டர்ஸ்), தம்பி நீலம் (சென்னை) என்பது சாதாரணம்; கோயம்புத்தூரில் படிக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் நீலம். அன்று மட்டும் கடைக்காரர் இரண்டு பலகை மாட்டினார். 3-0 என்று பிளாஸ்டர்ஸ் வென்றது. ஸ்டாரே பொறுப்பில் இருந்த பன்னிரண்டு லீக் ஆட்டங்களில் எதிரணி கோல் அடிக்காதது இந்த ஒன்றில் மட்டுமே. நீலச் சட்டைக்காரர்களுக்கும் சாயா வந்தது, கேலி அளவோடு இருந்தது. நான்கே நாள் கழித்து அதே மைதானத்தில் கோவாவிடம் 1-0 என்று தோற்றபோது மறுபடியும் பழைய முகங்கள்.

டிசம்பர் 14, கொல்கத்தா. மோகன் பகானுக்கு எதிராக 77-ஆம் நிமிடத்தில் மிலோஸ் டிரிஞ்சிச் அடித்த கோலால் 2-1 என்று முன்னிலை. பெஞ்சில் எவரும் உட்காரவில்லை. 86-ஆம் நிமிடத்தில் சமன். கூடுதல் நேரத்தின் ஐந்தாவது நிமிடத்தில் ஆல்பெர்டோ ரோட்ரிகெஸ் அடித்த, மோகன் பகானின் மூன்றாவது கோல். அன்று கடையில் எவரும் கத்தவில்லை, திட்டவும் இல்லை. இரண்டு நாளில் ஸ்டாரே நீக்கப்பட்டார்: பன்னிரண்டு ஆட்டம், மூன்று வெற்றி, இரண்டு சமன், ஏழு தோல்வி, வாங்கிய கோல்கள் 24, அடித்தவை 19.

இதற்குள் மஞ்ஞப்பட என்ற ரசிகர் அமைப்பு நிர்வாகத்தை எதிர்த்தே வெளிப்படையாகக் குரல் எழுப்பியிருந்தது. கடையிலும் அந்த வாதம் நடந்தது. நான் அதில் நிர்வாகத்தைக் கேள்வி கேட்டவர்கள் பக்கம். முந்தைய பருவத்தில் 13 கோல் அடித்து, அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை வென்ற திமித்ரியோஸ் தியாமன்டகோஸும், நடுக்களத்தைக் கட்டிக்காத்த ஜீக்சன் சிங்கும் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனது ஸ்டாரேயின் பிழையன்று. ஆயினும் 19 கோல் அடித்த அணிக்குக் குறை முன்வரிசையில் இல்லை. ஸ்டாரே போன பின், டி.ஜி. புருஷோத்தமன் இடைக்காலப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற முதல் ஆட்டத்தில் முகமதனை 3-0 என்று வென்றோம். ஜனவரி 5 அன்று பஞ்சாபுக்கு எதிராக இரண்டு சிவப்பு அட்டைக்குப் பிறகு ஒன்பது பேராக நின்று 1-0 என்ற முன்னிலையைக் காத்தார்கள். பின்வாங்கிக் கட்டாக நிற்க இவர்களுக்குத் தெரியும் என்பதற்கு அந்த ஒரு மாலை போதும். முதல் பன்னிரண்டு ஆட்டங்களில் 11 புள்ளி, அடுத்த பன்னிரண்டில் 18. பருவம் எட்டாம் இடத்தில் முடிந்தது. இடப்பக்கம் எழுதியவர்கள் பொறுமையற்ற கூட்டம் அல்ல என்பதை அந்தக் கணக்கு காட்டுகிறது.

கடையைப் பற்றிய மற்ற விவரங்கள். சாயா நன்றாக, திடமாக இருக்கும். பருப்பு வடை அதைவிட நன்று. பழம்பொரி இடைவேளைக்குள் தீர்ந்துவிடுவதால் முன்பே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் பார்க்கத் தனிக் கட்டணம் இல்லை. வர்ணனை மலையாளத்தில் ஓடும். குறைகளும் உண்டு: கடைசிப் பெஞ்சில் இருப்பவர்களுக்குத் தூண் மறைத்து இடப்பக்க மூலை தெரியாது, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வசதியான இடமில்லை, அதனால் கால்பந்தை நன்கு அறிந்த பல பெண்கள் வீட்டில் கைப்பேசியிலேயே பார்க்கிறார்கள். பக்கத்துத் திண்ணையை அவர்களுக்கு ஒதுக்கித் தனியாக ஒரு திரை வைப்பது பெரிய செலவில்லை. கடைக்காரர் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

கொச்சியின் கலூர் மைதானத்துக்குப் போய்ப் பார்க்கும் அனுபவத்துக்கு எதுவும் ஈடில்லை. ஆனால் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல், ஏழரை மணிக்குத் தொடங்கும் ஆட்டம் முடிந்து இரவில் திரும்புவது எல்லோராலும் ஆகாது. அவர்கள் இங்கே வரலாம், ஆறேகால் மணிக்கு முன்பே வந்தால் பெயர் எழுதும் பேச்சில் கலந்துகொள்ளலாம். கடைக்காரருக்கு ஒரு வேண்டுகோள்: பலகையில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, அறுபதாவது நிமிடத்தில் நாம் யாரை மாற்றுவோம், வரிசையை எங்கே நிறுத்துவோம் என்பதையும் எழுத வைக்க வேண்டும். 2024-இல் பெரும்பாலான ஆட்டங்கள் கைநழுவியது அதற்குப் பிறகுதான்.