டேனிஷா, டகாலோக்கா? எந்த மொழி அதிக தூரம் போயிருக்கிறது?

டேனிஷ் டென்மார்க்கின் மொழி, டகாலோக் பிலிப்பைன்ஸின் மொழி. வரைபடத்தில் நிறம் தீட்டிப் பார்ப்பவருக்கு டேனிஷ்தான் பெரிய மொழியாகத் தோன்றும். டென்மார்க்கின் கீழுள்ள கிரீன்லாந்து ஒன்றே அவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஆட்களை எண்ணினால் கணக்கு மாறிவிடும். டேனிஷ் பேசுவோர் சுமார் 60 லட்சம். டகாலோக்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே 2 கோடிக்கு மேல். பிலிப்பைன்ஸின் தேசிய மொழியான ஃபிலிப்பினோ அதன் அடிப்படையில் அமைந்ததால், இரண்டாம் மொழியாகப் பேசுவோர் இன்னும் பல கோடி.

டேனிஷ் கொடியோடு போன மொழி. டென்மார்க்கின் கீழுள்ள ஃபாரோ தீவுகளில் அது கட்டாயப் பாடம். கிரீன்லாந்தில் 2009 முதல் ஆட்சிமொழி கிரீன்லாந்திய மொழி மட்டுமே. ஆனாலும் நிர்வாகத்திலும் உயர்கல்வியிலும் டேனிஷ் இன்னும் வலுவாகவே இருக்கிறது. கொடி இறங்கிய பெரும்பாலான இடங்களில் மொழி நிலைக்கவில்லை. கரீபியனில் 1917-ல் அமெரிக்காவுக்கு விற்கப்பட்ட தீவுகளில் தெருப்பெயர்கள்தான் மிச்சம். நம் தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டென்மார்க்கின் ஆட்சி நடந்தது. கோட்டை இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது. மொழியோ அன்றே வேர்விடவில்லை. ஐரோப்பியரும் ஊராரும் பேசிக்கொள்ளப் பெரிதும் போர்த்துக்கீசியமே பயன்பட்டது.

எனக்கு வியப்பளிப்பது ஜெர்மனியின் ஃபிளென்ஸ்பர்க் வட்டாரம். 1864 போரில் டென்மார்க் இழந்த பகுதி அது. 1920 வாக்கெடுப்பிலும் ஜெர்மனியோடு இருக்கவே முடிவானது. ஆனாலும் அங்கே சுமார் 50 ஆயிரம் பேர் கொண்ட டேனிஷ் சிறுபான்மை இருக்கிறது. மழலையர் வகுப்பு முதல் மேல்நிலை வரை டேனிஷ் பள்ளிகள், 1869-ல் தொடங்கிய நாளிதழ், 2021-ல் ஜெர்மன் நாடாளுமன்றத்தில் ஓர் இடம் வென்ற கட்சி என எல்லாம் அவர்களுக்கு உண்டு. கொடி போன பிறகும் மொழி நின்ற இடம் இது, காரணம் பள்ளிக்கூடம்.

டகாலோக்குக்குப் பின்னால் பேரரசு எதுவும் இருந்ததில்லை. அது வேலை தேடிப் போனவர்களோடு கடல் கடந்தது. 1970-களில் பிலிப்பைன்ஸ் அரசே வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதைக் கொள்கையாக்கியது. ஞாயிற்றுக்கிழமை ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதிக்குப் போனால் அந்தக் கொள்கையின் விளைவைக் கண்ணாலேயே காணலாம். வங்கிக் கட்டடங்களின் தரைத்தளத்திலும் நடைமேம்பாலங்களிலும் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரித்து, வீட்டுவேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். சோற்றைப் பகிர்ந்து உண்பார்கள், சீட்டாடுவார்கள், ஊரிலுள்ள பிள்ளைகளைக் கைபேசித் திரையில் பார்த்துப் பேசுவார்கள். பிலிப்பைன்ஸின் பிற மொழிகளான இலோக்கானோவும் பிசாயாவும் காதில் விழும்; எல்லாருக்கும் பொதுவானது டகாலோக். ஆனால் அவர்களுடைய ஒப்பந்தம் இரண்டு ஆண்டுதான். எத்தனை காலம் உழைத்தாலும் நிரந்தர வசிப்புரிமை கோர முடியாது என்று 2013-ல் அங்குள்ள இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தைகள் வளராத இடத்தில் மொழிக்குப் பள்ளி ஏது? வளைகுடா நாடுகளிலும் பெரும்பாலும் இதே நிலைதான்.

அமெரிக்காவில் குடும்பங்களாகவே குடியேறினார்கள். அங்கே சுமார் 17 லட்சம் பேர் வீட்டில் டகாலோக் பேசுகிறார்கள். ஆங்கிலம், ஸ்பானிஷ், சீனத்துக்கு அடுத்த இடம் அதற்குத்தான். கலிஃபோர்னியாவின் டேலி சிட்டியில் கடைத்தெருவிலேயே கேட்கலாம். பேரப்பிள்ளைகளோ பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள்.

எந்த மொழி உலகெங்கும் காதில் விழும் என்று கேட்டால் தயங்காமல் டகாலோக் என்பேன். பிறந்த மண்ணுக்கு வெளியே நான்கைந்து தலைமுறை தாண்டி நிற்பது எது என்றால், ஃபிளென்ஸ்பர்க்கைக் காட்டி டேனிஷ் என்பேன். இரண்டும் சந்திக்கும் ஊரும் உண்டு: கிரீன்லாந்தின் தலைநகர் நூக். அங்கே வேலைக்கு வந்து குடியேறியவர்களில் பிலிப்பைன்ஸ்காரர்கள் கணிசமாக இருக்கிறார்கள்.